துண்டுச் சீட்டும் தண்ணீர்ப்பந்தலும்

ஊவா மலையில் சமதரை கிடைப்பதே பெரும்பாடு. பசறை, மடூல்சீமை, லுணுகலை, தெமோதரை என்று எந்தப் பக்கம் போனாலும், தோட்டப் பாடசாலைக்கு ஒரு கரப்பந்து மைதானம் வேண்டுமென்றால் மலையின் இடுப்பை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் வெட்டிய மண்சுவர், மறுபக்கம் பள்ளம். அடித்த பந்து கோட்டைத் தாண்டினால் தேயிலைச் செடிகளுக்கிடையில் குதித்துக் குதித்துக் கீழே கான் வரைக்கும் உருளும். அதை எடுக்க ஓடுகிற பிள்ளை எவ்வளவு நேரத்தில் மேலே திரும்புகிறது என்பதை மைதானத்தில் நிற்கும் ஆசிரியர் கவனித்துக்கொண்டே இருப்பார். அவர் பெரும்பாலும் விளையாட்டுக்கென்று வந்தவர் அல்லர். காலையில் கணிதமோ சமயமோ படிப்பித்துவிட்டு, மாலையில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர். மூச்சு வாங்காமல் ஏறி வரும் பிள்ளையை அவர் அன்றைக்கே மனத்தில் குறித்துக்கொள்வார்.

மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்தப் பிள்ளை அங்கே இருக்காது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து நகரத்துக்குப் போயிருக்கும். இல்லையென்றால் மாகாண மட்டப் போட்டியில் ஆடியதைக் கண்டு ஒரு பெரிய பாடசாலை விடுதியோடு இடம் கொடுத்திருக்கும். முதலில் பதுளை அல்லது பண்டாரவளை, பிறகு கண்டி, கொழும்பு. போவது நல்லதுக்குத்தான். லயத்து அறையில் ஒரு மேசை போட இடமில்லாத பிள்ளைக்குக் கட்டிலும் நூலகமும் கிடைக்கிறதென்றால் யார் வேண்டாமென்பார்? வழியனுப்பும் நாளில் ஆசிரியரும் சிரித்த முகத்தோடுதான் நிற்பார். மறுநாள் மாலை விசிலை ஊதினால், ஆறு பேர் நிற்க வேண்டிய இடத்தில் நான்கு பேர் நிற்பார்கள்.

ஓர் ஆளை ஆளாக்கியவருக்கு அந்த ஆள்மீது உரிமை உண்டா?

அறநூல்களும் சமயங்களும் நெடுங்காலமாகச் சுற்றிச் சுற்றி வந்த கேள்வி இது. பெற்றவர், குரு, முதலாளி, ஊர், நாடு என்று ஒவ்வொருவரும் தம் தம் கணக்கை நீட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு இதே கேள்வியைக் காசும் தொலைக்காட்சியும் சூழ நின்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூடைப்பந்துப் பயிற்றுவிப்பாளர்கள்.

அங்கே முதற்பிரிவில் 360-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் இருக்கின்றன. பணமும் பேரும் படைத்த பெரிய கூட்டமைப்புகளில் இருப்பவை ஏறத்தாழ எண்பது. அதற்கு அடுத்த படியில் நிற்கும் அணிகளை 'மிட்-மேஜர்' என்பார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால் நடுத்தரக் குடும்பம். முன்பெல்லாம் ஒரு வீரர் பல்கலைக்கழகம் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். 2018 அக்டோபர் 15 அன்று 'ட்ரான்ஸ்ஃபர் போர்டல்' வந்தது. மாற விரும்புகிறவர் அதில் பெயரைப் பதிந்துவிட்டால், எந்தப் பல்கலைக்கழகமும் அவரோடு பேசலாம். 2021இல் ஒரு தடவை தடையின்றி மாறலாம் என்றானது. அதே வருடம் ஜூலையில், வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் கொண்டு சம்பாதிக்கலாம் என்றானது. 2024இல் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேராகப் பணம் கொடுக்கலாம். முதல் வருட உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டொலர். நடுத்தர அணிகளில் பலவற்றுக்கு அந்த வரம்பின் அருகில் போவதுகூட நடக்காத காரியம்.

அந்த நடுத்தர அணிகளில் ஒன்றின் கதை 2022இல் ஊரெல்லாம் பேசப்பட்டது. நியூ ஜெர்சியில் இயேசு சபையினர் நடத்தும் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சிறிய பல்கலைக்கழகம் அந்த மார்ச் மாதத் தேசியப் போட்டியில் கென்டக்கியை வென்றது, மரே ஸ்டேட்டை வென்றது, பர்டியூவை வென்றது. பதினைந்தாம் தரவரிசையில் நுழைந்த ஓர் அணி கடைசி எட்டுக்குள் வந்தது அதுவே முதல் தடவை. மார்ச் 27 அன்று நோர்த் கரோலைனாவிடம் தோற்றார்கள். மார்ச் 30 அன்று பயிற்றுவிப்பாளர் ஷஹீன் ஹொலவே, தாம் மாணவராக ஆடிய சீட்டன் ஹோல் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்றுவிப்பாளராகப் போய்விட்டார். சில வாரங்களுக்குள் முன்னணி வீரர்கள் பலரும் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள். மொத்த நாடும் பெயர் சொல்லிக் கொண்டாடிய அணி, அதே வசந்தம் முடிவதற்குள் இல்லை.

மறுவருடம் புளோரிடா அட்லாண்டிக் என்ற இன்னொரு நடுத்தர அணி கடைசி நான்குக்குள் வந்தது. அரையிறுதியில் சான் டியேகோ ஸ்டேட்டிடம் கடைசி வினாடியில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. இங்கே வேறொன்று நடந்தது. பெரிய இடங்களின் கதவு திறந்திருந்தும் முக்கிய வீரர்கள் அநேகமாக எல்லோரும் இன்னொரு வருடம் அங்கேயே இருந்தார்கள். அந்த வருடம் தேசியப் போட்டியின் முதற்சுற்றிலேயே தோற்றார்கள். 2024 மார்ச்சில் பயிற்றுவிப்பாளர் டஸ்டி மே மிச்சிகனுக்குப் போனார். அவர்கள் தங்கியதற்குப் பலன் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் தங்கிய வருடத்தை அந்தக் கணக்கில் மட்டும் எழுதுவது அநியாயம். போகலாம் என்ற வழி திறந்திருந்தபோதுதான் இருப்பது என்ற செயலுக்கே பொருள் வந்தது. கதவு பூட்டியிருந்த காலத்தில் இருந்தவர்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? அவர்கள் விரும்பி இருந்தார்களா, வழியில்லாமல் இருந்தார்களா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஒரு வருடக் காத்திருப்பு வீரருக்குத்தான் இருந்தது. பயிற்றுவிப்பாளர் எந்தக் காலத்திலும் நினைத்த நாளில் பெட்டியைக் கட்டலாம்.

ஊவாவில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இந்த இடத்தில் ஒரு பழைய சொல் ஞாபகம் வரும். துண்டு.

கருக்கலில் தப்புச் சத்தம் கேட்டதும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவார்கள். கங்காணி தலையை எண்ணுவார். கணக்கப்பிள்ளை பேர் போடுவார். செக்ரோல் என்ற அந்தப் பேர்ப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். தோட்டத்தின் பலம் அந்தச் செக்ரோலில்தான் இருந்தது. எத்தனை ஏக்கர் தேயிலை இருந்தாலும், ஊவாவுக்குப் பேர் வாங்கித் தரும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான பருவத்தில் கொழுந்து எடுக்கக் கை இல்லையென்றால் ஒன்றும் இல்லை. ஆகவே தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்களுக்குப் போட்டி. ஆள் சேர்க்கும் பெரிய கங்காணிக்கு, வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு. திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் ஆள் கூட்டி வர அவருக்கு முன்பணம். அந்த முன்பணம், பயணச் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறும்.

ஒரு கங்காணி தம் ஆட்களோடு வேறு தோட்டத்துக்கு மாற நினைத்தால் துரையிடம் துண்டு கேட்பார். அந்தச் சீட்டில் பெரிதாக ஒன்றும் இருக்காது. இன்ன கங்காணி, இத்தனை ஆட்கள், இத்தனை ரூபாய் கடன், பணம் வந்து சேர்ந்தால் ஆட்களை விடத் தோட்டம் சம்மதம். கீழே கையெழுத்து. அதைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவார். எந்தத் தோட்டம் கடனைக் கட்டி மேலும் முன்பணம் கொடுக்கிறதோ, அங்கே ஆட்கள் போவார்கள். கடன் தீராது. கைமாறும், கைமாறும்போது பெருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் தன் பேரில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று அறியாமலே பதுளையில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குச் சட்டியும் பானையுமாக நடந்திருக்கிறாள். சொல்லாமல் போனால் சிறை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. துரைமார் விரும்பியபோது கப்பலேறிப் போனார்கள்.

பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொடங்கிய தொழிலாளர் நலச் சங்கம், பெரி. சுந்தரத்தைச் செயலாளராகக் கொண்டு, இந்தச் சிறைத் தண்டனைக்கு எதிராக நின்றது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் அந்தச் சீட்டு ஒரு சிந்தனையாக இன்னும் உயிரோடிருக்கிறது. 'உன்னை நான் கொண்டு வந்தேன், சோறு போட்டேன், தொழில் பழக்கினேன். ஆகவே நீ போவதென்றால் என் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போ' என்ற சிந்தனை. தோட்டத்துரை மட்டும் இப்படி நினைப்பதில்லை. பாசமுள்ள தகப்பனும் நல்ல ஆசிரியரும் ஏதோ ஓர் இரவில் இப்படி நினைத்திருப்பார்கள்.

அந்த இரவு நினைப்பை இழிவாகத் தள்ளிவிட முடியாது. அதற்குள் உண்மையான ஒரு வலி இருக்கிறது. வளர்ப்பு என்பது செலவு. ஆசிரியர் தம் கைக்காசில் வாங்கிய பந்து, மழையில் நனைந்து வந்த பிள்ளைக்கு வீட்டில் கொடுத்த தேத்தண்ணீர், சொந்தப் பிள்ளையின் பிறந்தநாளை விட்டுப் போட்டிக்குக் கூட்டிப் போன நாள். இவையெல்லாம் நடந்தவை. நடந்ததற்கு ஒரு பதில் வேண்டும் என்று மனம் கேட்பது இயல்பு. வள்ளுவர் இதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார், செய்ந்நன்றி அறிதல். அதை ஒரு தடவை முழுதாக வாசித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். அங்கே பேச்சு முழுவதும் உதவியைப் பெற்றவரை நோக்கியே இருக்கிறது. மறவாதே, சிறிய உதவியையும் பெரிதாக எண்ணு, தீமை செய்தாலும் முன்பு செய்த ஒரு நன்மையை நினை. கொடுத்தவரைக் கூப்பிட்டு, 'போய் வசூலித்துக்கொள்' என்று எங்கும் சொல்லவில்லை. நன்றிக் கடன் விசித்திரமான கடன். கடன்பட்டவர் மட்டுமே அதைப் பற்றிப் பேசலாம். கொடுத்தவர் வாயைத் திறந்து கேட்ட அந்தக் கணத்தில் அது துண்டாக மாறிவிடுகிறது.

ஒப்புரவைப் பற்றிப் பேசுமிடத்தில் வள்ளுவர் மழையைக் காட்டுகிறார். மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்துவிட முடியும் என்பது அவர் கேள்வி. ஊவாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி மறுபக்கத்திலிருந்து புரியும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, மலை தாண்டி வறண்ட காற்றாகத்தான் இந்தப் பக்கம் இறங்குகிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அந்தக் காற்று அடிக்கும்போது செடி வாடும், கொழுந்து வளர்வது குறையும், வாடிய அந்த இலையில்தான் உலகம் தேடி வாங்கும் ஊவாத் தேயிலையின் மணம் பிறக்கும். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையில் தோமஸ் லிப்டன் 1890இல் தோட்டம் வாங்கிய காலத்திலிருந்து அந்த மணத்துக்கு விலை உண்டு. மழையைக் கொடுத்துவிட்டு வந்த காற்று இந்த மலைக்கு வேறொன்றைச் செய்துவிட்டுப் போகிறது. கொடுத்த இடமும் பெற்ற இடமும் ஒன்றாக இருக்க வேண்டுமென்று இயற்கை கணக்கு வைக்கவில்லை.

பதுளை நகரின் நடுவில் முதியங்கணை விகாரை இருக்கிறது. புத்தர் வந்து போனதாகப் பௌத்தர்கள் நம்பும் பதினாறு தலங்களில் ஒன்று. போயா நாளில் அந்தப் பக்கம் போகிற தோட்டத்துத் தமிழர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டுத்தான் நகர்வார்கள். அந்தப் பௌத்தத்தின் தீக நிகாயத்தில் சிகாலன் என்ற இளைஞனுக்குச் சொன்ன உபதேசம் ஒன்று உண்டு. ஆறு திசைகளையும் வணங்கிக்கொண்டிருந்த அவனிடம் புத்தர், திசைகள் என்பவை மனிதர்கள் என்கிறார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர்கள், காலுக்குக் கீழுள்ள திசை வேலையாட்கள். ஒவ்வொருவருக்கும் இருபக்கக் கடமை. வேலை கொடுப்பவரின் கடமை ஐந்து: சக்திக்கேற்ற வேலை, சோறும் கூலியும், நோயில் கவனிப்பு, நல்ல பண்டம் கிடைத்தால் பகிர்தல், உரிய நேரத்தில் விடுப்பு. விடுவது ஒரு சலுகையாகச் சொல்லப்படவில்லை, கடமைகளின் வரிசையில் இருக்கிறது.

ஆசிரியரின் கடமைகளில் கடைசியாக வருவது இன்னும் ஆழமானது. மாணவனுக்கு எல்லாத் திசைகளிலும் காப்பு உண்டாக்க வேண்டும் என்கிறது உபதேசம். எல்லாத் திசைகளிலும் என்றால், அவன் போவான் என்பது தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம். தன் வாசலில் மட்டும் பயன்படுகிற கல்வி அரைக் கல்வி. பள்ளத்திலிருந்து பந்தை எடுத்து ஏறி வந்த பிள்ளை கொழும்பில் ஓர் உள்ளரங்கில், மரத் தரையில், மொழி புரியாத கூட்டத்தின் நடுவில் நின்று ஆடும்போது கால் நடுங்காமல் இருக்கிறதா? இருந்தால், அந்தக் கணித ஆசிரியர் அங்கேயும் இருக்கிறார்.

சரி, கொடுத்தவர் கேட்கக் கூடாது, போகிறவரைத் தடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. அதோடு விட்டால் பெரிய இடங்களுக்கு எல்லாம் இலவசமாகிவிடும். சிறிய பாடசாலை வருடா வருடம் வளர்த்துக் கொடுத்துக்கொண்டே இருக்க, பெரிய பாடசாலை எடுத்து எடுத்து அலுமாரியில் கிண்ணம் அடுக்கும். தியாகத்தைப் புகழ்ந்து பேசும் ஆன்மிகம் பல வேளைகளில் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது. மூடக் கூடாது.

உதைபந்தாட்ட உலகம் இதற்கு ஒரு வழி கண்டது. 1995 டிசம்பரில் பொஸ்மன் வழக்கின் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரரை மாற்றுப்பணம் கேட்டு மறிக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் முடிவு செய்தது. அங்கேயும் ஒரு துண்டு கிழிந்தது. பிறகு 2001இல் ஃபீபா இன்னொரு விதியைக் கொண்டு வந்தது. ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு வீரர் நாடு விட்டு நாடு விலைக்கு மாறினால், அந்தப் பணத்தில் 5 சதவீதம், அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பிரிந்து போக வேண்டும். எங்கோ ஒரு கிராமத்துக் கழகம், தான் பழக்கிய பையன் பத்து வருடம் கழித்து விலைபோனபோது கூரை மாற்ற முடிந்தது இதனால்தான்.

துண்டுக்கும் இந்த 5 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாட்டில்தான் முழு அறமும் இருக்கிறது. இரண்டும் வளர்ப்புச் செலவைப் பற்றியவை. துண்டில் அந்தச் செலவு போகிறவரின் கழுத்தில் தொங்கியது. ஃபீபாவின் விதியில் அது எடுத்துக்கொள்கிறவரின் பணப்பெட்டியில் கை வைக்கிறது. போகிற பிள்ளை கடனாளி அல்ல. கடனாளி அந்தப் பிள்ளையை ஆயத்தமாகப் பெற்றுக்கொண்ட பெரிய இடம்.

மலையகத்தில் இதைச் செய்யப் பெரிய சட்டம் ஒன்றும் வேண்டாம். பரீட்சை முடிவு வந்ததும் நகரத்துப் பாடசாலைகளின் வாசலில் பதாகை கட்டுவார்கள். படம், பெயர், பெறுபேறு. மாகாணப் போட்டியில் வென்றால் அதற்கும் ஒரு பதாகை. அந்தப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில், அந்தப் பிள்ளை முதலாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டு வரை படித்த தோட்டப் பாடசாலையின் பெயரையும் எழுதினால் என்ன? பெரிய பாடசாலையில் புதுப் பந்துகள் வாங்கும்போது அங்கே இரண்டு அனுப்பினால் என்ன? கோட்டக் கல்வி அலுவலகம் ஒரு தோட்டப் பாடசாலையை மதிப்பிடும்போது, அங்கே தங்கியவர்களின் பெறுபேற்றோடு அங்கிருந்து போனவர்களின் பெறுபேற்றையும் ஒரு நிரலில் சேர்த்தால், அந்தப் பாடசாலையின் முகமே மாறிவிடும். முத்தையா முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளை எல்லோரும் சொல்கிறார்கள். 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன் அவர். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் மித வேகப் பந்து வீசிக்கொண்டிருந்த அந்தப் பையனைப் பதினான்கு வயதில் சுழற்பந்துக்கு மாற்றிய பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. அந்தப் பெயரும் கூடவே சொல்லப்பட வேண்டும்.

எடுப்பவரின் கடமையைப் பேசாமல், போகிறவரின் விருப்பத்தையும் கேட்காமல், ஆட்களைப் பங்கு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலையகத்தில் சாட்சி சொல்ல ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார்கள். குடியுரிமை இல்லாதிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் சரிபாதியாக 75,000, 75,000 என்று பிரித்தார்கள். இந்த மலையை ஆளாக்கியவர்கள் அவர்கள்தான். ஆளானது மலை. ஆனால் அந்த மலைமீது அவர்களுக்கு என்ன உரிமை என்று யாரும் கேட்கவில்லை. மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அண்ணன் ஒரு பட்டியலில், தங்கை இன்னொரு பட்டியலில். பெட்டியின் ஜன்னலில் ஒரு கை, பிளாட்பாரத்தில் ஒரு கை, கோச்சி அசையும் வரைக்கும் விடாத பிடி.

அப்படியானால் ஆட்கள் விரும்பித் தங்கும் இடம் என்று ஒன்று உண்டா? பதுளைக்குப் பக்கத்திலேயே ஒரு காலம் இருந்தது. 1940இல் வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்து நடப்பதாகத் துரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அதிக நாள் நீடிக்கவில்லை, அடக்கப்பட்டது. ஆனாலும் அந்தக் கொஞ்ச நாள், செக்ரோலில் பேராக இருந்தவர்கள் செக்ரோலைப் பற்றிப் பேசுகிறவர்களாக இருந்தார்கள். ஒரு பிள்ளையை அணியில் வைத்திருக்க ஓர் ஆசிரியரிடம் கட்டிலும் காசும் இல்லாமல் இருக்கலாம். 'இன்றைக்கு யார் முன்னால் நிற்பது, நீயே சொல்' என்று கேட்கும் வாய் அவரிடம் இருக்கிறது. சில பிள்ளைகள் அதற்காகவே ஒரு வருடம் கூடுதலாக இருந்துவிட்டுப் போகும்.

ஆடி மாதம் வந்தால் பதுளைத் தோட்டங்களிலிருந்து வெல்லவாய, புத்தல வழியாகக் கதிர்காமத்துக்கு பஸ் போகும். கதிர்காமமும் ஊவா மாகாணம்தான். வடக்கே தொண்டைமானாறு செல்வச் சந்நிதியிலிருந்து நடந்து வருகிறவர்கள் மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை தாண்டிக் குமண, யால காடுகளுக்குள் நடந்து அங்கே வந்து சேருவார்கள். வழி நெடுகத் தண்ணீர்ப்பந்தல். மோர், சர்க்கரைத் தண்ணீர், சில இடத்தில் கஞ்சி. பந்தலில் நிற்பவர் யாரிடமும் ஊர் கேட்டுக் கணக்கு எழுதுவதில்லை. குடித்தவர் திரும்பி இதே வழியாக வருவாரா என்று கேட்பதில்லை. ஆனால் பந்தலுக்குக் குடம் நிரப்ப யாரோ வேண்டும். பக்கத்து ஊர்க் கிணறு வேண்டும், போன வருடம் குடித்துவிட்டுப் போனவர் இந்த வருடம் அனுப்பிய ஒரு மூட்டை சர்க்கரை வேண்டும். அது வருகிறது. பெரும்பாலும் பெயர் போடாமல் வருகிறது.

கதிர்காமத்துக் கந்தனே இடம் மாறி வந்தவன்தான். பழத்துக்காகக் கோபித்துக் கைலாயத்தை விட்டவன், வள்ளிக்காக இந்தக் காட்டில் தங்கியவன். அவனை வடக்கே திரும்பக் கூட்டிப் போவதற்கென்றே கல்யாணகிரி என்ற துறவி வந்தார் என்பது அந்தத் தலத்தின் ஐதீகம். பன்னிரண்டு வருடம் தவமிருந்தார். முருகன் வரவில்லை. வள்ளியம்மை அவரிடம் தாலிப்பிச்சை கேட்டாள் என்று சொல்வார்கள். வந்த துறவி திரும்பிப் போகவில்லை. அழைத்துப் போக வந்தவரே அங்கே தங்கி, கடைசியில் அந்த மண்ணிலேயே கலந்தார்.

புதிய தவணை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். மலையை வெட்டி எடுத்த மைதானத்தில் கணித ஆசிரியர் வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பார். போன வருடம் கட்டிய முடிச்சை அவிழ்க்க முடியாமல், ஒரு மூலையில் கயிற்றை வெட்டிப் புதிதாகக் கட்டுவார். நான்கு பழையவர்கள் ஓரத்தில் நிற்பார்கள். கீழே லயப் பக்கத்திலிருந்து ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் மூன்று பேர், கூப்பிடாமலே, படியேறி வந்து கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார்கள். ஒரு பந்து பள்ளத்தில் விழும். மூவரில் ஒரு பிள்ளை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கும். ஆசிரியர் கையில் கயிற்றோடு திரும்பிப் பார்ப்பார்.